நோஞ்சான் குஞ்சும் மஞ்சள் பொடியும்

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பத்தா அடை வைத்த கோழி பதினோரு குஞ்சு பொரித்திருந்தது. மூன்று வாரத்தில் பத்துக் குஞ்சுகளுக்கும் இறக்கை முளைத்துவிட்டது. ஒன்று மட்டும் பொரித்த வாரத்தில் இருந்த அதே அளவில் நின்றுவிட்டது. தீனி போட்டால் மற்றதெல்லாம் அதைத் தள்ளிவிட்டுத் தின்னும். இது ஓரமாக நின்று கண்ணை மூடிக்கொள்ளும்.

"எல்லா ஈட்டுலயும் ஒண்ணு இப்படித்தான்டா வரும். கறையான் புடிச்சிப் போடு. பொழச்சா பொழைக்கட்டும்" என்றார் அப்பத்தா.

எனக்கு மனசு கேட்கவில்லை. டவுனில் ஒரு கோழி மருந்துக் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் ஒரு மஞ்சள் பொடிப் பாக்கெட்டைக் கொடுத்தார். "தண்ணில கலந்து குடு தம்பி, பத்தே நாள்ல பெருத்துடும்." சீட்டும் கேட்கவில்லை, குஞ்சுக்கு என்ன நோய் என்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது பாக்கெட்டைப் படித்துப் பார்த்தேன். குளோர்டெட்ராசைக்ளின் என்று போட்டிருந்தது. அது ஆன்டிபயாடிக் ஆயிற்றே! கிருமியைக் கொல்லும் மருந்து எப்படி உடம்பை வளர்க்கும்?

நண்பர்களே, இந்த ஒரு கேள்விக்குப் பின்னால் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. நான் படிப்பது பி.காம். அறிவியலில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1923-ல் டெலவேர் மாநிலத்தின் ஓஷன் வியூ என்ற ஊரில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டு எழுதினார். தவறுதலாக 500 வந்துவிட்டன. திருப்பி அனுப்பாமல் வளர்த்தார். 387 பிழைத்தன. அவற்றை இறைச்சிக்காக பவுண்டு 62 சென்ட்டுக்கு விற்று நல்ல லாபம் பார்த்தார். 1926-ல் அவரே 10,000 கோழிகளுக்குக் கொட்டகை போட்டார். இன்றைய பிராய்லர் தொழிலின் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள்.

முற்றத்தில் மேய்ந்த கோழி கொட்டகைக்குள் போனதும் புதுப் பிரச்சினைகள் வந்தன. வெயில் படாத குஞ்சுகளுக்குக் கால் துவண்டது. வைட்டமின் டி குறைவுதான் காரணம் என்று தெரிந்து, காட் மீன் எண்ணெய் கொடுத்ததும் அது சரியாயிற்று. அடுத்த பிரச்சினை அவ்வளவு சுலபமாகப் பிடிபடவில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மீன் தூள் போன்ற அசைவத் தீனிகளுக்குத் தட்டுப்பாடு. அதற்குப் பதிலாக சோயா புண்ணாக்கைப் போட்டார்கள். கணக்குப்படி புரதம் சரியாகவே இருந்தது. ஆனாலும் குஞ்சுகள் வளரவில்லை. கொஞ்சம் மீன் தூளோ ஈரலோ சேர்த்தால் வளர்ந்தன. ஆக, மாமிசத்தில் இருந்து செடியில் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது! அது என்னவென்று தெரியாததால் 'விலங்குப் புரதக் காரணி' என்று ஒரு பெயரை மட்டும் வைத்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் ரூபின், பேர்ட் என்ற இருவர், குஞ்சை வளர்க்கும் அந்தப் பொருள் மாட்டுச் சாணத்திலும் இருக்கிறது என்று 1946-ல் எழுதினார்கள். எங்கள் வீட்டுக் குப்பைமேட்டை நினைத்துக்கொண்டேன். கோழி நாள் முழுவதும் அங்கேதானே கிளறிக்கொண்டு நிற்கிறது!

இதே காலத்தில் மருத்துவர்கள் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வகைக் கொடிய ரத்தசோகைக்கு ஈரல் சாப்பிட்டால் குணமாகிறது என்று 1926-ல் மைனாட், மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள் காட்டியிருந்தார்கள். ஈரலில் உள்ள அந்தப் பொருளைத்தான் காணவில்லை. 1948-ல் அமெரிக்காவின் மெர்க் நிறுவனமும் இங்கிலாந்தின் கிளாக்ஸோ நிறுவனமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அதைச் சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுத்தன. அதுதான் வைட்டமின் பி12. அதைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவை வளர்ந்தன. மனிதனின் ரத்தசோகையும் குஞ்சின் வளர்ச்சிக் குறைவும் ஒரே பொருளில் வந்து நின்றன. பி12-ஐச் செடியும் தயாரிக்காது, விலங்கும் தயாரிக்காது. நுண்ணுயிர்கள் மட்டுமே தயாரிக்கும். சாணத்தின் ரகசியம் இதுதான்.

இதுவரை நல்ல கதை. ஒரு சின்னக் குஞ்சு ஏன் வளரவில்லை என்று பொறுமையாகக் கேட்டார்கள், பதில் கிடைத்தது. இனிமேல்தான் கேள்வி மாறுகிறது.

ஈரலில் இருந்து பி12 எடுக்கச் செலவு அதிகம். நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி நிறுவனம் அப்போது ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரித்துக்கொண்டிருந்தது. (என் மஞ்சள் பொடியின் குளோர்டெட்ராசைக்ளின் இதேதான்!) மருந்தை எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையில் பி12 இருக்கும் என்று நினைத்து, தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட் இருவரும் அதைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். குஞ்சுகள் பி12 மட்டும் கொடுத்தவற்றைவிட வேகமாக வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த கொஞ்சம் ஆன்டிபயாடிக்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. 1950-ல் இதை வெளியிட்டார்கள். குடலில் உள்ள நுண்ணுயிர்களின் சுமை குறைவதால் தீனி உடம்பில் ஒட்டுகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

இங்கே நம் ஊர்த் தொடர்பு ஒன்றும் இருக்கிறது. ஆரியோமைசினைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் டக்கர். அப்போது லெடர்லியின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1948 ஆகஸ்டில் அவர் காலமானார். தன் நிறுவனத்தின் மருந்து கோழித் தீனியாவதை அவர் பார்க்கவில்லை.

எங்களுக்குக் காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'உபபொருள்' என்று ஒரு பாடம் உண்டு. தூக்கிப்போட வேண்டிய சக்கைக்கு விலை கிடைத்தால் முக்கியப் பொருளின் செலவு குறையும். பரீட்சைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1951-ல் அமெரிக்க அரசு தீனியில் ஆன்டிபயாடிக் சேர்க்க அனுமதி கொடுத்தது. அதற்குப் பிறகு நோஞ்சான் குஞ்சை யாரும் நினைக்கவில்லை. நன்றாக வளரும் குஞ்சை இன்னும் சீக்கிரம் சந்தைக்கு அனுப்புவது எப்படி என்பதே கணக்கானது.

அந்தக் கணக்கில் ஒரு செலவை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவரின் குழு ஒரு பண்ணையில் கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீனி கொடுத்து ஆராய்ந்தது. மருந்துக்கு அசையாத கிருமிகள் முதலில் கோழிகளின் குடலில் பெருகின. சில மாதங்களில், அந்த மருந்தைச் சாப்பிடாத பண்ணை வீட்டு மனிதர்களிடமும் அவை பெருகின. இது வெளியானது 1976-ல். ஸ்வீடன் 1986-ல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல் தடை வந்தது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை வளர்ச்சிக்காகக் கொடுப்பதை அமெரிக்கா 2017-ல் நிறுத்தியது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டினைக் கோழி, மாடு, மீன் வளர்ப்பில் பயன்படுத்த இந்தியா 2019-ல் தடை விதித்தது.

பண்ணைக்காரர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஒரு கிலோவுக்குச் சில ரூபாய் லாபத்தில் தொழில் செய்பவரிடம் தீனிச் செலவு குறையும் என்றால் அவர் என்ன செய்வார்? ஒரேயொரு குஞ்சு வைத்திருந்த நானே பத்து நாளில் பலன் என்றதும் யோசிக்காமல் காசு கொடுத்தேனே!

பாக்கெட்டை நான் பிரிக்கவில்லை. மறுநாள் குஞ்சைக் கூடையில் வைத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். டாக்டர் பார்த்துவிட்டு, நோய் ஒன்றும் தெரியவில்லை, தனியாக வைத்துக் கதகதப்பும் தீனியும் கொடுங்கள் என்றார். அட்டைப்பெட்டியில் ஒரு பல்பு போட்டேன். நொய்யும் வேகவைத்த முட்டையும் கொடுத்தேன். அப்பத்தா ஒரு பழைய பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் போட்டுக் கவிழ்த்து வைத்துக் கறையான் பிடித்துத் தந்தார். பகலில் கொஞ்ச நேரம் தாயோடு குப்பைமேட்டில் விட்டேன்.

லீவு முடிந்து கிளம்பும்போது அதற்கும் இறக்கை வந்திருந்தது. மற்றவற்றில் பாதி அளவுதான் இருந்தது. போன வாரம் போனில் கேட்டேன். "இருக்குடா, இப்போ தானா முட்டி மோதித் திங்குது. பெருசா வராது" என்றார் அப்பத்தா. வராவிட்டால் போகட்டும்.