வானொலி விட்டுச்சென்ற சுவர்

1981 ஆகஸ்ட் 1, நள்ளிரவு கடந்து ஒரு நிமிடம். கொலம்பியா விண்கலம் சீறிக் கிளம்பும் காட்சி, நிலவில் நடப்பட்ட கொடியில் ஒரு தொலைக்காட்சிச் சின்னம், பின் ஒரு பாடல். அமெரிக்கக் கேபிள் திரையில் எம்.டிவி இப்படித்தான் பிறந்தது. முதலில் ஒளிபரப்பானது பிரிட்டனின் பகிள்ஸ் குழு 1979-இல் வெளியிட்ட 'வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்'. வானொலியின் மரண அறிவிப்பாகவே அத்தேர்வை எல்லோரும் வாசித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளை நிதானமாகத் திரும்பிப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. வானொலி சாகவில்லை, தன் பழக்கங்களுடன் புதிய வீட்டில் குடியேறியிருந்தது.

தொடக்கம் எளிமையானது. வார்னர் கம்யூனிகேஷன்ஸும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் கூட்டாக நடத்திய நிறுவனத்தின் முயற்சி அது. மன்ஹாட்டனில் அலைவரிசை கிடைக்காததால், அதை உருவாக்கியவர்களே முதல் ஒளிபரப்பைக் காண ஆற்றைக் கடந்து நியூஜெர்சிக்குப் போக வேண்டியிருந்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் பாடல் காட்சிகளை விளம்பரமாகக் கருதி இலவசமாகக் கொடுத்தன. ஆனால் கையிருப்பு குறைவு. ராட் ஸ்டூவர்ட் திரும்பத் திரும்பத் தோன்றினார். காட்சிப் பாடல்களை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த பிரிட்டிஷ் குழுக்களுக்கு இது வாசலைத் திறந்தது. ட்யூரான் ட்யூரான் போன்ற குழுக்கள் அமெரிக்கச் சிறுநகரங்களில் அறிமுகமாயின. 1982-இல் ஹியூமன் லீக் குழுவின் 'டோண்ட் யூ வாண்ட் மீ' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்ததில் இந்த அலைவரிசைக்குப் பெரும்பங்கு உண்டு.

எல்லோருக்கும் வாசல் திறக்கவில்லை என்பதுதான் இந்த வரலாற்றின் முள்.

நிகழ்ச்சிகளை வகுத்த ராபர்ட் பிட்மேன் வானொலியிலிருந்து வந்தவர். அன்றைய அமெரிக்க வானொலி நேயர்களை வகைவகையாகப் பிரித்து வைத்திருந்தது: ராக் ஒரு நிலையத்தில், கறுப்பினத்தவரின் இசை வேறொரு நிலையத்தில். 'நாங்கள் ராக் அலைவரிசை' என்ற ஒற்றை வரையறையுடன் அந்தப் பிரிவினை தொலைக்காட்சிக்குள் அப்படியே நுழைந்தது. ஐந்து தொகுப்பாளர்களில் ஒருவரான ஜே.ஜே. ஜாக்சன் கறுப்பினத்தவர். அவர் அறிமுகம் செய்துவைத்த பாடல்களிலோ அவர் இனத்தவரின் முகங்கள் அரிதாகவே தெரிந்தன. ரிக் ஜேம்ஸின் 'சூப்பர் ஃப்ரீக்' நிராகரிக்கப்பட்டது. அவர் அதை இனப்பாகுபாடு என்று வெளிப்படையாகவே குற்றம்சாட்டினார்.

1983-இல் டேவிட் போவியைப் பேட்டி காண வந்தார் தொகுப்பாளர் மார்க் குட்மேன். கேள்வி கேட்டது போவி. கறுப்பினக் கலைஞர்கள் ஏன் இவ்வளவு குறைவு, வருபவர்களும் ஏன் பின்னிரவில் மட்டும் வருகிறார்கள் என்று அவர் நிதானமாக, விடாமல் கேட்டார். உள்நாட்டுச் சிற்றூர்களின் ரசனையையும் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார் குட்மேன். அந்த நாட்டின் கறுப்பின இளைஞனும் ஒரு ரசிகன்தானே என்பது போவியின் பதிலின் சாரம். வெள்ளையரான, அந்த அலைவரிசையால் பெரிதும் பயனடைந்த ஒருவர் அதன் அரங்கிலேயே அமர்ந்து கேட்டது அது.

அதே ஆண்டு மார்ச்சில் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' எம்.டிவியில் வந்தது. தன் கலைஞர்கள் அனைவரின் காட்சிகளையும் திரும்பப் பெறுவதாக சிபிஎஸ் இசை நிறுவனம் மிரட்டியதால்தான் கதவு திறந்தது என்பது ஒரு தரப்பு. அப்படியொரு மிரட்டலே இல்லை என்பது அலைவரிசையினர் தரப்பு. எதுவானாலும், டிசம்பரில் ஜான் லாண்டிஸ் இயக்கிய பதினான்கு நிமிட 'த்ரில்லர்' வெளியானபோது, ஒதுக்கப்பட்ட இசையே அலைவரிசையின் பெருமிதமாகியிருந்தது. ஆயினும் ராப் இசைக்கென 'யோ! எம்.டிவி ராப்ஸ்' தொடங்க 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிற்றூர்களின் பெயரால் சொல்லப்பட்ட அச்சமோ பொய்த்துப்போனது. அந்த நிகழ்ச்சியைச் சிற்றூர் இளைஞர்களும் விரும்பிப் பார்த்தார்கள்.

2010-இல் எம்.டிவி தன் சின்னத்திலிருந்து 'மியூசிக் டெலிவிஷன்' என்ற சொற்களையே நீக்கிவிட்டது. பழைய ரசிகர்கள் அந்த இழப்பையே பேசுகிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது குட்மேனின் பதில். அவரைத் தீயவராக எண்ணத் தோன்றவில்லை. பார்வையாளர் விருப்பம் என்று தனக்குச் சொல்லப்பட்டதை அவர் நம்பியிருக்கக்கூடும். சுவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கின்றன, யாரோ ஒருவரின் ரசனையை இன்னொருவர் முன்கூட்டியே முடிவுசெய்துவிடுவதால்.