எழுதி வாங்கும் மரபு

கொடைக்கானல் மலைக்குச் செல்வோர் இறங்கும் இரயில் நிலையம் என்பதால் பெயர்பெற்ற ஊர் கொடைரோடு. 1875இல் திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்ட நாள்முதல், திண்டுக்கல் சமவெளிக்கு அது ஒரு வாயிலாக விளங்கி வருகிறது. இவ்வட்டாரத்தில் இருவகை வாணிகத்தைக் காணலாம். ஒன்று, அருகிலுள்ள நிலக்கோட்டையின் பூச்சந்தை. காலையில் பறித்த மல்லிகைக்கு அன்றே விலை முடிவாகி, அன்றே கைமாறுகிறது. மற்றொன்று, திண்டுக்கல்லின் பூட்டுத் தொழில். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இப்பூட்டுகளைக் கைவினைஞர் கையால் செய்கின்றனர். ஆயிரம் பூட்டு வேண்டுமென வணிகர் கேட்டால், கேட்பது இன்று, செய்வது பின்னர், பணம் வருவது அதற்கும் பின்னர். இந்தக் கால இடைவெளியில்தான் வழக்குகள் பிறக்கின்றன.

இவ்வேறுபாட்டைத் திருக்குர்ஆன் தெளிவாகச் சுட்டுகிறது. அதன் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆம் வசனம், தவணையுள்ள கொடுக்கல் வாங்கலைச் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிக்கொள்ளவும், சாட்சிகளை வைத்துக்கொள்ளவும் பணிக்கிறது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவரே. உடனுக்குடன் கைமாறும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்றும் அது விலக்களிக்கிறது. மதீனாவில் பேரீச்சம்பழத்துக்கு முன்பணம் கொடுத்து வந்தோரிடம் நபிகள் நாயகம் (ஸல்), அளவும் எடையும் தவணையும் அறியப்பட்டிருக்க வேண்டும் என வரையறுத்தார்கள். ஸலம் எனும் முன்பண வாணிகத்தின் அடிப்படை இதுவே.

சொல்லிச் செய்விக்கும் பொருளுக்கு ஹனஃபி சட்ட அறிஞர் வகுத்த பெயர் இஸ்திஸ்னாஃ. இதில் விலையை முன்கூட்டியே செலுத்த வேண்டுமென்பதில்லை. ஆனால் ஒரு கேள்வி எழுந்தது: பொருள் செய்து முடித்தபின் வாங்குபவர் வேண்டாமென மறுக்கலாமா? பொருளைப் பார்த்தபின் ஏற்கவோ மறுக்கவோ அவருக்கு உரிமையுண்டு என்றார் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்). சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருந்தால் இருவருக்கும் பின்வாங்கும் உரிமையில்லை என்றார் அவருடைய மாணவர் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்). உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்டம், தன் 392ஆம் பிரிவில் மாணவரின் வழியையே தேர்ந்தது. பிறர் சொற்படி செய்த பொருள் வேறொருவருக்குப் பயன்படாமல் போகலாம். மறுப்பின் நட்டம் முழுவதும் கைவினைஞர் தலையில் விழும். எனவே, விவரம் துல்லியமாக எழுதப்பட்டிருப்பதே அவருக்குக் காப்பு.

நடைமுறைக்கும் சான்று உண்டு. கெய்ரோவின் கெனீஸா ஆவணங்களில், 1132 முதல் 1149 வரை மலபார்க் கரையில் வாழ்ந்து வெண்கலப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யிஜூ எனும் யூத வணிகருக்கு ஏடனிலிருந்து வந்த கடிதங்கள் கிடைத்துள்ளன. ஏடன் வணிகர் பழைய செம்பை அனுப்பி, இன்ன வகைப் பாத்திரம் வேண்டுமென விவரித்து எழுதினர். இன்று நாம் கொள்முதல் ஆணை என்றும், பர்ச்சேஸ் ஆர்டர் என்றும் சொல்வது இத்தகைய கடிதத்தின் வழித்தோன்றலே.

இந்தியச் சட்டமும் இதே திசையில் நடந்துள்ளது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு தொழிலாளரிடம் வாங்கியவர், எழுதி ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தரவேண்டும். அந்நாள் பொருளை ஏற்றதிலிருந்து 45 நாளைத் தாண்டலாகாது. பொருள் வந்து 15 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபிக்காவிடில், ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். அபூ யூசுஃப் (ரஹ்) கருதிய நியாயத்துக்கு இது வெகு தொலைவிலில்லை.

ஆயினும், நெடுநாள் பழகியவரிடம் சீட்டுக் கேட்பது அவமதிப்பு என்ற எண்ணம் நம் வணிகரிடையே இன்றும் உண்டு. எழுதுவது ஐயத்தின் அடையாளமென்றால், இறைநம்பிக்கையாளரை நோக்கியே அக்கட்டளை வந்திருக்காது. பொருளின் விவரம், எண்ணிக்கை, விலை, ஒப்படைக்கும் நாள், பணம் தரும் நாள் ஆகிய ஐந்தும் ஒரு தாளில் இருந்தால், மறதியும் மரணமும்கூட உறவைக் கெடுக்க இயலாது. பூவை வாய்ச்சொல்லால் விற்கலாம். பூட்டை எழுதித்தான் வாங்க வேண்டும்.