மொலியின் யன்னலும் கோப்பி முதலாளியும்

நியூயோர்க் நகரின் புறொங்ஸ் பகுதியில், கிழக்குத் திறெமொன்ற் வீதி 1038 ஆம் இலக்க மாடிக்குடியிருப்பிலே கோல்ட்பேர்க் என்னும் யூதக் குடும்பம் ஒன்று வாழ்ந்தது. ஆடைத் தொழிலிற் சிறுகச் சிறுக முன்னேறத் துடிக்கும் ஜேக், அவன் மனைவி மொலி, பிள்ளைகளான சமி, றோசலி, இவர்களோடு ஒட்டிக்கொண்ட முதியவர் டேவிட் மாமா. மொலி சமையலறை யன்னலைத் திறந்து, இரு கட்டடங்களுக்கிடையேயுள்ள ஒடுங்கிய வெளியினூடே எதிர்வீட்டு மிஸிஸ் புளூமை உரத்துக் கூவி அழைப்பாள். வீட்டுச் செய்தி ஊர்ச் செய்தியாகும். ஊர்ச் செய்தி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். குடும்பமும் கற்பனை, அயலவரும் கற்பனை. ஆயினும், ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் அமெரிக்க மக்கள் இக்குடும்பத்தைத் தம் அயல்வீடாகவே எண்ணினர். முதலில் வானொலியிலும், 1949 ஜனவரி முதல் தொலைக்காட்சியிலும் வந்த 'கோல்ட்பேர்க் குடும்பத்தினர்' என்னும் நகைச்சுவைத் தொடரே அது. அந்த யன்னல் உண்மையில் எவருக்குச் சொந்தமாயிருந்தது என்பதே ஈண்டு நாம் கேட்கவேண்டிய வினா.

இத்தகையதொரு குடும்பம் அமெரிக்க மண்ணில் எவ்வாறு வேரூன்றியது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1881 இல் றுஷ்யப் பேரரசில் யூதர்மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட கொடுமைகளைத் தொடர்ந்து, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர் அமெரிக்கக் கரைக்கு வந்து சேர்ந்தனர். நியூயோர்க்கின் நெருக்கமான சேரிக் குடியிருப்புகளிற் குடியேறித் தையற் பட்டறைகளில் உழைத்தனர், தொழிற்சங்கங்களைக் கட்டினர், கையிற் சிறிது பணம் சேர்ந்தவர்கள் வெளிச்சமும் காற்றும் தேடிப் புறொங்ஸுக்கு நகர்ந்தனர். 1924 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் நாடுவாரியாகப் பங்கு வகுத்து, பின்வருவோருக்குக் கதவை ஏறக்குறைய அடைத்துவிட்டது. வந்தவர் உள்ளே, வரவேண்டியவர் வெளியே என்ற நிலை. அடைத்த கதவுக்கு இப்பாலிருந்தே மொலி பேசினாள் என்பதை மறத்தலாகாது.

மொலியை ஆக்கியவர் கேர்ட்றூட் பேர்க். 1899 இல் நியூயோர்க்கிற் பிறந்தவர். மலைப்பகுதியிலே தந்தையார் நடத்திய விடுதியில் விருந்தினரை மகிழ்விக்கச் சிறு நாடகங்கள் எழுதிப் பழகியவர். 1929 நவம்பர் 20 ஆந் திகதி முதன்முறையாக இத்தொடரை வானொலியில் அளித்தார். பங்குச் சந்தை சரிந்து நான்கு வாரங்கூட முற்றுப்பெறவில்லை. வேலையிழந்தோர் வரிசை நீளத் தொடங்கிய அந்நாள்களில், வாடகைக்கும் இறைச்சிக்கும் கணக்குப் பார்க்கும் ஒரு தாயின் குரல் வீடுதோறும் கேட்டது. அவளுடைய ஆங்கிலம் கோணலானது. பழமொழிகளைத் தலைகீழாகச் சொல்வாள். கேட்டோர் சிரித்தனர். ஆனால், அவளைப் பார்த்துச் சிரித்தனரேயன்றி அவளை இகழ்ந்து சிரிக்கவில்லை. வந்தேறிகளைக் கோமாளிகளாக்கிப் பிழைத்த அக்கால மேடைமரபை அறிந்தோர்க்கு இவ்வேறுபாட்டின் பெறுமதி விளங்கும்.

எழுத்து, நெறியாள்கை, நடிப்பு ஆகிய மூன்றும் அவ்வம்மையாரின் பொறுப்பிலேயே இருந்தன. ஆயிரக்கணக்கான வசனப் பிரதிகளை அவரே எழுதினார். அவற்றுள் ஒன்று 1939 ஆம் ஆண்டுப் பாஸ்காப் பண்டிகைக்காக எழுதப்பட்டது. முந்திய நவம்பரிலேதான் ஜேர்மனியில் நாஸிகள் யூதர்களின் கடைகளையும் தொழுகைக்கூடங்களையும் நொறுக்கியிருந்தனர். கோல்ட்பேர்க் குடும்பத்தினர் விருந்து மேசையைச் சூழ்ந்திருக்கும்போது, வெளியிலிருந்து எறியப்பட்ட கல்லொன்று யன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே விழுகின்றது. குடும்பம் ஒரு கணம் திகைத்து, பின்னர் வழிபாட்டைத் தொடர்கின்றது. அயலவரை அழைக்கத் திறந்த யன்னல் வழியே கல்லும் வரும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதை எழுதும் துணிவும் அவருக்கு இருந்தது.

தொலைக்காட்சிக்கு வந்தபோது யன்னலுக்குப் புதியதொரு பயன் ஏற்பட்டது. ஜெனரல் ஃபூட்ஸ் என்னும் உணவுக் கம்பனி தனது 'சங்கா' கோப்பியை விற்பதற்காக இத்தொடரின் செலவை ஏற்றது. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் மொலி யன்னலிற் சாய்ந்து நேரே நம்மை நோக்கி, அயல்வீட்டுக்காரியிடம் பேசும் அதே அன்போடு, அந்தக் கோப்பியின் சிறப்பைச் சொல்வாள். விளம்பரம் எங்கே முடிகின்றது, கதை எங்கே தொடங்குகின்றது என்று பிரித்தறிவது எளிதன்று. அதே கம்பனி, நோர்வேயிலிருந்து குடியேறிய குடும்பத்தைப் பற்றிய 'மாமா' என்ற இன்னொரு தொடரின் மூலம் 'மக்ஸ்வெல் ஹவுஸ்' கோப்பியை விற்றது. யூதத் தாயும் நோர்வேத் தாயும் ஒரே முதலாளியின் கோப்பியையே ஊற்றினர். அக்காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சிக்குப் பெரும்பாலும் ஒரே விளம்பரதாரரே இருந்தார். நிலையத்திடம் நேரத்தை வாங்கியவர் அவர், எனவே நடிகர் எவர் என்பதிலும் அவர் சொல்லே இறுதிச் சொல்லாயிற்று.

ஜேக்காக நடித்தவர் பிலிப் லோப். 1948 இல் இக்கதை புறோட்வே மேடைக்கு வந்தபோதே அப்பாத்திரத்தை ஏற்றவர். 'எக்குயிற்றி' என்னும் நடிகர் தொழிற்சங்கத்திலே நெடுங்காலம் உழைத்தவர். ஒத்திகைக் காலத்துக்கும் நடிகருக்கு ஊதியம் வேண்டுமென்று போராடியோரின் முன்னணியில் நின்றவர். இன்று எளிய நியாயமாகத் தோன்றும் இக்கோரிக்கை, பட்டினியோடு ஒத்திகை பார்த்தவர்களுக்கு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1950 ஜூனில் 'றெட் சனல்ஸ்' என்றொரு சிறு நூல் வெளிவந்தது. கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகத்தில் முன்னர் வேலை பார்த்த மூவர் நடத்திய நிறுவனம் அதை வெளியிட்டது. வானொலி, தொலைக்காட்சித் துறைகளைச் சார்ந்த 151 பேரின் பெயர்கள் அதில் இடம்பெற்றன. ஒருவர் எந்த விண்ணப்பத்திற் கையொப்பமிட்டார், எந்தக் குழுவின் கடிதத்தாளில் அவர் பெயர் இருந்தது என்பனவே சான்றுகள். வழக்கில்லை, விசாரணையில்லை, தீர்ப்பு மட்டுமுண்டு. லோப்பின் பெயரும் அதில் இருந்தது. அடுத்த மாதம் ஜூலியஸ் றோசன்பேர்க் உளவுக் குற்றச்சாட்டிற் கைதானார். நியூயோர்க் யூதத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவர் என்றாலே ஐயத்தோடு நோக்கும் சூழல் தடித்தது. ஓகஸ்ற் மாதம், தன் விளம்பரத்திலிருந்த இன்னொரு தொடரின் நடிகையான ஜீன் மூயரை ஜெனரல் ஃபூட்ஸ் விலக்கியது. அடுத்தது லோப்.

பேர்க் அம்மையார் இசையவில்லை. தமது 'கணவனை'க் கைவிட மறுத்தார். 1951 ஜனவரியில் சிறந்த நடிகைக்கான எமி விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் சீ.பீ.எஸ். நிலையத்தில் அவருடைய தொடர் நின்றுபோயிற்று. என்.பீ.சீ. நிலையம் அதை ஏற்க முன்வந்தபோதும், லோப் இருக்கும்வரை விளம்பரதாரர் எவரும் கிடைக்கவில்லை. ஈற்றில் லோப் ஈட்டுத் தொகையொன்றைப் பெற்றுக்கொண்டு விலகினார். 1952 பெப்ருவரியில் தொடர் மீண்டும் வந்தது. ஜேக் என்ற பாத்திரம் மறையவில்லை. ஜேக்கின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

அம்மையாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. நான் அதற்கு உடன்படேன். பல மாதங்கள் அவர் தனித்து நின்றார். அவரை நம்பி ஒரு குழுவினரின் பிழைப்பும் இருந்தது. குற்றவாளிகளைத் தேடுவோர் வேறிடத்திலே தேடவேண்டும். கோப்பி வாங்குவோர் விலகிவிடுவர் என்ற அச்சம் கம்பனிக்கு. கம்பனி விலகிவிடும் என்ற அச்சம் நிலையத்துக்கு. மூன்று மனிதர் அச்சிட்ட தாள்கள் இத்துணை அதிகாரம் பெற்றமைக்கு வேறு காரணமில்லை. அந்நிய உச்சரிப்பையும் பண்டிகையையும் சமையலையும் முதலாளித்துவம் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. அவை கோப்பியோடு நன்றாகவே கலந்தன. அதே வந்தேறி மக்களின் மற்றொரு மரபு, தையற் பட்டறையில் வேலைநிறுத்தம் செய்த மரபு, சங்கம் கட்டிய மரபு, கலக்கவில்லை. ஜேக்கை வைத்துக்கொண்டு லோப்பை வெளியேற்றியதன் பொருள் இதுவே.

லோப் 1952 ஏப்ரலிற் செனற் சபையின் உபகுழு ஒன்றின் முன் சாட்சியமளித்து, தாம் கம்யூனிஸ்ற் கட்சி உறுப்பினரல்லர் என்றார். பயன் விளையவில்லை. மேடையிற் சிறிது வேலை கிடைத்தது. தொலைக்காட்சி அவருக்கு மூடியே கிடந்தது. மனநோயுற்ற மகனின் பராமரிப்புச் செலவு அவரை வாட்டியது.

தொடரின் கடைசிப் பருவத்தில், 1955 இல், கோல்ட்பேர்க் குடும்பம் புறொங்ஸை விட்டு ஹேவர்வில் என்னும் கற்பனைப் புறநகருக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்து வெள்ளைக் குடும்பங்கள் பல சென்ற வழி அது. நியூயோர்க்குக்கு அருகே 1947 முதல் எழுந்த லெவிற்றவுன் புறநகரின் குத்தகைப் பத்திரம், வெள்ளையரல்லாதார் அங்கே குடியிருத்தலாகாது என்று வெளிப்படையாகவே விதித்திருந்தது. அதைக் கட்டிய லெவிற் குடும்பத்தாரும் யூதரே. ஒடுங்கிய வெளிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்த அயலவர்களைப் பின்னே விட்டு, முன்னே புற்றரையுள்ள வீட்டுக்கு மொலி போனாள்.

அதே 1955 இல், செப்ரெம்பர் முதலாந் திகதி, நியூயோர்க் விடுதியறையொன்றிற் பிலிப் லோப் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவருடைய நண்பர் ஸீறோ மொஸ்ரெலும் வேலை மறுக்கப்பட்டவரே. 1976 இல் வெளிவந்த 'த ஃபுறன்ற்' திரைப்படத்திலே, லோப்பின் முடிவை ஓரளவு தழுவி அமைந்த ஒரு நகைச்சுவை நடிகனின் பாத்திரத்தை மொஸ்ரெல் ஏற்று நடித்தார். நெறியாளர் மார்ட்டின் றிற், எழுத்தாளர் வோல்ற்றர் பேர்ன்ஸ்ரைன் ஆகியோரும் அதே கறுப்புப் பட்டியலிற் சிக்கியவர்கள். படத்தின் இறுதியிற் பெயர்கள் வரும்போது, இவர்கள் ஒவ்வொருவரின் பெயரோடும் அவர் பட்டியலிடப்பட்ட ஆண்டும் சேர்ந்து வருகின்றது.