ரம் தீவின் கோரை: ஓர் இடைச்செருகலின் வரலாறு

பழைய நூலொன்றில் இடைச்செருகல் இருப்பதை நாம் எவ்வாறு கண்டுகொள்கிறோம்? பாட்டில் யாப்புப் பிழை இராது. சொற்களும் அழகாகவே அமைந்திருக்கும். ஆயினும் முன்னும் பின்னும் நிற்கும் பாட்டுகளோடு அது ஒட்டாது. பிற்காலச் சொல் ஒன்று எங்கோ ஒரு மூலையில் பதுங்கியிருந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்கள் அறிந்த இந்தக் கண்ணோடு ஒரு தீவின் மண்ணைப் படித்த மனிதர் ஒருவர் உண்டு.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், ஹெப்ரிடிஸ் தீவுக்கூட்டத்தில் உள்ளது ரம் தீவு. பரப்பு சுமார் 105 சதுர கிலோமீட்டர். மழையும் காற்றும் ஓயாத மலைநிலம். 1957இல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வாங்கும்வரை அது ஒரு செல்வக் குடும்பத்தின் தனியுடைமை. நினைத்தவர் நினைத்தபோது கால்வைக்க இயலாது. அந்நாளில் அங்கு தம் மாணவர்களுடன் சென்று ஆய்வு செய்துவந்தவர் நியூகாசில் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர் ஜான் ஹெஸ்லாப் ஹாரிசன். ராயல் சொசைட்டியின் உறுப்பினர். எதிர்த்துப் பேசப் பலரும் தயங்கிய ஆளுமை.

1941இல் அவர் ஒரு செய்தி வெளியிட்டார். பிரிட்டனில் அதுவரை எவரும் கண்டிராத கோரை இனம் ஒன்று ரம் தீவில் வளர்கிறது என்பதே அது. கோரை என்றதும் நமக்குப் பத்தமடைப் பாயும், வயலில் உழவரைப் படுத்தும் கோரைக்கிழங்கும் நினைவுக்கு வரும். இது அக்குடும்பத்தின் குளிர்நாட்டு உறவு. விரற்கடைகளால் அளக்கத்தக்க சிறு செடி. கரிய செதில்களும் வெளிறிய காய்களும் ஒருங்கே அமைந்திருப்பதால் கேரெக்ஸ் பைகலர், அதாவது இருநிறக் கோரை என்று பெயர். ஐஸ்லாந்து, ஸ்காண்டிநேவியா, ஆல்ப்ஸ் மலை ஆகியவை அதன் இயல்பான இருப்பிடங்கள். கேரெக்ஸ் கிளேசியாலிஸ் என்னும் மற்றொரு வடதுருவக் கோரையும் அதே தீவின் பட்டியலில் ஏறியது.

இச்சிறு புல்லுக்கு இத்தனை ஆரவாரம் ஏன் என்று கேட்கலாம். கடைசிப் பனியுகத்தில் பிரிட்டனின் வடபகுதி பனிப்பாறையால் மூடப்பட்டுத் தாவரங்கள் அழிந்தன என்பது பெரும்பாலோர் கருத்து. ஹெப்ரிடிஸில் பனி மூடாத இடங்கள் இருந்தன, பழந்தாவரங்கள் அங்கே உயிர்பிழைத்தன என்பது பேராசிரியரின் கொள்கை. வடதுருவக் கோரை ரம் தீவில் கிடைத்தால் அக்கொள்கைக்கு உயிருள்ள சான்று கிடைத்தாற்போலாகும். தேவைப்பட்ட சான்று தேவைப்பட்ட இடத்திலேயே கிடைத்ததுதான் சிலருக்கு உறுத்தியது.

1948 ஆகஸ்டில் ஜான் ரேவன் என்பவர் கேம்பிரிட்ஜிலிருந்து தீவுக்குச் சென்றார். அவர் தாவரவியலாளரல்லர், கிரேக்க இலக்கியமும் மெய்யியலும் கற்றவர். 1957இல் கிர்க் என்பாருடன் சேர்ந்து, சாக்ரடீசுக்கு முற்பட்ட மெய்யியலாளரைப் பற்றி அவர் எழுதிய நூல் மாணவர் கைகளில் நெடுங்காலம் இருந்துவந்தது. மூலபாடத்தைச் சோதிக்கும் பயிற்சியே அவருக்கு மலையிலும் கைகொடுத்தது என நாம் கருதுகிறோம். செடி உண்மையானதா என்று மட்டும் அவர் பார்க்கவில்லை. அதன் அண்டை அயலையும் பார்த்தார். ஐயத்துக்குரிய செடிகள் சிறு சிறு திட்டுகளாகவே நின்றன. அவற்றோடு அம்மலைக்குத் தொடர்பற்ற தோட்டக் களைகளும் முளைத்திருந்தன. பிற்காலச் சொல் அகப்பட்டுவிட்டது! செடிகள் வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை, நட்டவர் பேராசிரியரே என்பது அவர் எழுதிய அறிக்கையின் முடிவு.

அவ்வறிக்கை அச்சேறவில்லை. 1949 ஜனவரியில் 'நேச்சர்' இதழில், எவர் மீதும் நேரடியாகக் குற்றம் சாட்டாத சிறு கடிதம் ஒன்று மட்டும் வெளிவந்தது. முழு அறிக்கை கல்லூரி நூலகத்தில் உறங்கியது. வெளிப்படையான விசாரணை ஏதும் நடைபெறவில்லை. ஹெஸ்லாப் ஹாரிசன் 1967இல் மறைந்தார், ரேவன் 1980இல். கார்ல் சப்பா 1999இல் நூலாக எழுதிய பிறகே பொதுவாசகர் இதனை அறிந்தனர். அறிக்கை முழுமையாக அச்சானது 2004இல்.

இம்மௌனத்தை அக்கால அறிஞர் வட்டத்தின் பண்பாடு என்று போற்றுவோர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒருவரது மானம் காக்கப்பட்டது உண்மையே. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அவருடன் மழையில் மலையேறி நேர்மையாகச் செடி தேடிய மாணவர்கள். எந்தப் பாட்டு செருகல், எது மூலம் என்று சொல்லாமல் விட்டால் ஏடு முழுவதுமே ஐயத்துக்குள்ளாகும். அக்குழுவினரின் பதிவுகளுக்கு அதுவே நேர்ந்தது. பின்வந்தோர் ஒவ்வொன்றையும் மீண்டும் சோதிக்க வேண்டியதாயிற்று.

சோதனையில் தேறியவையும் உண்டு. 1940களில் தெற்கு உயிஸ்ட் தீவின் ஏரிகளில் அக்குழு கண்ட பொட்டமோஜீட்டன் எபிஹைட்ரஸ் என்னும் நீர்ப்பூண்டு வட அமெரிக்காவுக்குரியது. கேட்ட மாத்திரத்தில் இதுவும் நட்டதே என்று எவருக்கும் தோன்றும். ஆனால் இன்று அது அத்தீவின் இயல்தாவரமாகவே ஏற்கப்பட்டுள்ளது.