விண்டோஸ் கணினியில் நீங்கள் ஆன் செய்யாமல் விட்டிருக்கும் 7 வசதிகள்: தொலைந்த பிறகு தேடினால் கிடைக்காது, ஏன்?

கட்டுரையை இணையதளத்தில் ஏற்றும் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். நான்கு பத்திகளை மேலே மாற்றலாம் என்று 'கட்' செய்தேன். அந்த நேரத்தில் ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே சக ஊழியருக்கு ஒரு லிங்க்கை காப்பி பண்ணி அனுப்பினேன். திரும்பி வந்து 'பேஸ்ட்' கொடுத்தால் லிங்க்தான் வருகிறது. பக்கம் அதற்குள் ரெஃப்ரெஷ் ஆகிவிட்டதால் 'அன்டூ'வும் வேலை செய்யவில்லை. நான்கு பத்திகளும் போச்சு.

இதைத் தடுக்கும் வசதி என் கணினியிலேயே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நான் அதை ஆன் செய்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

விண்டோஸின் முதல் பதிப்பு 1985 நவம்பரில் வெளியானது. 40 ஆண்டுகளில் அதற்குள் நிறைய வசதிகள் சேர்ந்துவிட்டன. ஆனால், அவற்றில் பலவற்றை நாமே ஆன் செய்ய வேண்டும் அல்லது தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். இதற்காக இணையத்தில் 'இலவச சாஃப்ட்வேர்' தேடி, முகம் தெரியாத ஃபைலை டவுன்லோட் பண்ண வேண்டியதில்லை.

1. காப்பி செய்த பழையதை எடுக்க முடியுமா?

முடியும். விண்டோஸ் பட்டனை அழுத்திக்கொண்டு 'வி' எழுத்தைத் தட்டுங்கள். முதல்முறை 'டர்ன் ஆன்' என்று கேட்கும். அதை அழுத்திவிட்டால், அதன்பிறகு நீங்கள் காப்பி அல்லது கட் செய்கிற கடைசி 25 விஷயங்கள் பட்டியலாகத் தெரியும். தேவையானதைத் தொட்டால் அது பேஸ்ட் ஆகிவிடும்.

இந்த வசதி 2018-ல் விண்டோஸ் 10-ல் வந்தது. கணினியை ரீஸ்டார்ட் செய்தால் பட்டியல் அழிந்துவிடும். அடிக்கடி பயன்படுத்தும் முகவரி, ஜிஎஸ்டி எண் போன்றவற்றை 'பின்' செய்து வைத்தால் அவை மட்டும் அழியாது.

ஒரு எச்சரிக்கை: நீங்கள் காப்பி செய்கிற பாஸ்வேர்டும் இந்தப் பட்டியலில் வந்து உட்கார வாய்ப்பு இருக்கு. பலர் பயன்படுத்தும் அலுவலகக் கணினி என்றால், வேலை முடிந்ததும் 'கிளியர் ஆல்' கொடுத்துவிட்டு எழுந்திருங்கள்.

2. ஸ்கிரீன்ஷாட்டில் தனிப்பட்ட விவரங்களை மறைப்பது எப்படி?

விண்டோஸ் பட்டன், ஷிஃப்ட், 'எஸ்' மூன்றையும் சேர்த்து அழுத்தினால், திரையில் தேவையான பகுதியை மட்டும் படமாக எடுக்கலாம். இது பலருக்குத் தெரிந்திருக்கும்.

அதிகம் தெரியாதது அடுத்த படி. விண்டோஸ் 11-ன் ஸ்னிப்பிங் டூலில் அந்தப் படத்தைத் திறந்து 'டெக்ஸ்ட் ஆக்‌ஷன்ஸ்' பட்டனை அழுத்தினால், படத்தில் உள்ள ஆங்கில எழுத்துகளை காப்பி செய்யலாம். மின்னஞ்சல் முகவரிகளையும் தொலைபேசி எண்களையும் ஒரே கிளிக்கில் மறைக்கலாம். வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் போன்றவற்றை நீங்களே ஒருமுறை பார்த்து மறைப்பதுதான் பாதுகாப்பு.

2023 மார்ச்சில் இதே ஸ்னிப்பிங் டூலில் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. படத்தை கிராப் செய்து அதே ஃபைலில் சேமித்தால், வெட்டிய பகுதியின் தரவு உள்ளேயே தங்கியிருந்தது. மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்துவிட்டது. அதனால்தான் அப்டேட்டைத் தள்ளிப் போடக்கூடாது என்கிறார்கள்.

3. நேற்றைய ஃபைலை மீட்க முடியுமா?

'ஃபைல் ஹிஸ்டரி' ஆன் செய்திருந்தால் முடியும். கன்ட்ரோல் பேனலில் இருக்கு. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி ஆன் செய்துவிட்டால் போதும். டாக்குமென்ட்ஸ், படங்கள், டெஸ்க்டாப் போன்ற ஃபோல்டர்களில் மாறிய ஃபைல்களை, வேறு எதுவும் மாற்றாவிட்டால், மணிக்கு ஒருமுறை அது நகலெடுத்து வைக்கும். தவறாக அழித்துச் சேமித்த எக்செல் ஷீட்டின் பழைய வடிவத்தைத் தேதி பார்த்து எடுக்கலாம்.

'கிளவுடில்தான் எல்லாம் இருக்கே' என்று நினைக்க வேண்டாம். அங்கே நடப்பது பெரும்பாலும் சின்க். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் குறிப்பிட்ட நாட்கள்தான் இருக்கும்.

ஆனால், எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கை ரான்சம்வேர் தாக்குதல் விட்டுவைக்காது. முக்கியமான ஃபைல்களுக்குத் தனியாகக் கழற்றி வைத்த இன்னொரு நகல் அவசியம்.

4. பழைய லேப்டாப் வாங்குகிறீர்களா? பேட்டரியை இப்படிப் பாருங்கள்

'பேட்டரி நல்லா நிக்கும் சார்' என்பதை நம்பி வாங்க வேண்டியதில்லை. ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட் என்று தேடித் திறங்கள். ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி டைப் செய்யுங்கள். ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்ந்த கோடு (/) போட்டு, 'பேட்டரி ரிப்போர்ட்' என்பதை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகச் சேர்த்து என்டர் தட்டுங்கள். அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்பதைத் திரையே காட்டும்.

அதில் இரண்டு எண்களைப் பாருங்கள். 'டிசைன் கெபாசிட்டி' என்பது புதிதாக இருந்தபோது பேட்டரியின் கொள்ளளவு. 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' என்பது இப்போதைய கொள்ளளவு. உதாரணத்துக்கு முதலாவது 50,000, இரண்டாவது 30,000 என்றால், பேட்டரியின் 40 சதவீதம் ஏற்கெனவே போய்விட்டது. பேரம் பேச இந்த ஒரு கணக்கு போதும்.

5. கணினி ஏன் அடிக்கடி நின்றுபோகிறது?

ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். ஒரு வரைபடம் திறக்கும். உங்கள் கணினியின் நிலைத்தன்மைக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, நாள்வாரியாகக் காட்டும். எந்த நாளில் எந்த சாஃப்ட்வேர் நின்றுபோனது என்பது சிவப்புக் குறியோடு இருக்கும். புதிதாக ஒன்றை இன்ஸ்டால் செய்த நாளிலிருந்து கோடு இறங்குகிறதா? அப்படியென்றால் முதலில் அதை நீக்கிப் பாருங்கள். ஃபார்மட் செய்வது கடைசி வழியாக இருக்கட்டும்.

6. தமிழில் டைப் செய்ய தனி சாஃப்ட்வேர் வேண்டுமா?

வேண்டாம். செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதிக்குப் போய் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் 99 இருக்கு. 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டினால் தமிழில் வரும் ஃபொனெடிக் கீபோர்டும் இருக்கு. தமிழ் உட்பட 10 இந்திய மொழிகளுக்கு இந்த ஃபொனெடிக் வசதி 2019-ல் வந்தது. விண்டோஸ் பட்டனோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறும்.

7. ரெகவரி கீ என்றால் என்ன? ஏன் இன்றே பார்க்க வேண்டும்?

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

இப்போது வரும் பல லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். லேப்டாப் திருடுபோனால் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது என்பது இதன் நன்மை. ஆனால், மதர்போர்டு மாற்றினாலோ சில சமயம் பயாஸ் அப்டேட் ஆனாலோ, உங்களிடமே அது 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் உங்கள் ஃபைல்கள் உங்களுக்கே கிடைக்காது. மைக்ரோசாஃப்ட்டாலும் திறந்து கொடுக்க முடியாது.

2024 ஜூலை 19-ஐ நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பூட்டப்பட்ட கணினிகளைச் சரிசெய்ய இந்த ரெகவரி கீ தேவைப்பட்டது. அதை எடுத்து வைக்காதவர்கள் திண்டாடினார்கள்.

உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து, டிவைசஸ் பகுதியில் உங்கள் கணினியின் ரெகவரி கீ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தாளில் எழுதி, லேப்டாப் பையில் அல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் ஐ.டி. பிரிவில் கேளுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

ஸ்னிப்பிங் டூலின் டெக்ஸ்ட் ஆக்‌ஷன்ஸைத் தவிர மேலே சொன்ன மற்ற எல்லாம் விண்டோஸ் 10-லும் உண்டு. ஆனால், அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அதன் பிறகும் அப்டேட் வரும். உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்கும் என்றால் மாறிவிடுவதே நல்லது.

கிளிப்போர்டை ஆன் செய்ய 5 விநாடி. ரெகவரி கீயை எழுதி வைக்க 5 நிமிடம். ஃபைல் ஹிஸ்டரியும் நீங்கள் ஆன் செய்த நாளிலிருந்துதான் நகலெடுக்கும், அதற்கு முந்தையதை அதனால் மீட்க முடியாது. என்னுடைய அந்த நான்கு பத்திகளைக் கடைசியில் நான் மறுபடி உட்கார்ந்து எழுதித்தான் முடித்தேன்.