நெய்தலை நிலத்தோடு படித்தவர்

தனிநாயகம் அடிகளை நாம் மாநாடுகளோடு சேர்த்தே நினைக்கிறோம். 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்நின்றவர், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டைக் கூட்டியவர் என்ற புகழ் அவருக்கு உரியதே. அந்தப் புகழின் வெளிச்சத்தில் கவிதைத் திறனாய்வாளரான அடிகள் கண்ணில் படாமல் போனார் என்பது என் நெடுநாள் வருத்தம்.

1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் பிறந்தவர். கடல் சூழ்ந்த ஊர். ரோமில் குருப்பட்டம் பெற்றுத் திரும்பி, வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழை ஆழ்ந்து கற்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சங்கப் பாடல்களின் இயற்கையை ஆராய்ந்தார். அது ஆங்கில நூலாகி, 1966இல் 'லேண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி' என்னும் பெயரில் மறுபதிப்பும் கண்டது.

சங்கப் புலவர் இயற்கையைத் தனியே வருணித்து மகிழ்ந்தவரல்லர், மாந்தர் உணர்வுக்கு அதைப் பின்புலமாக்கியவர் என்பது அந்நூலின் உயிர்நிலை. கிரேக்க, லத்தீன் கவிதைகளை அறிந்தவர் என்பதால் இதை ஒப்பிட்டுச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது.

இந்தப் பார்வையின் வலிமை கடலோர நெய்தல் நிலமான பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்தில் நன்கு விளங்கும். கிழக்கே வங்கக் கடல், மேற்கே ஏரி. கிழக்குக் கரையில் கதிரவன் நீரில் இறங்குவதைக் காண்பது அரிது. இங்கே அன்றாடம் ஏரிமேல் இறங்குகிறான். நெய்தல் திணைக்குரிய பொழுதான எற்பாட்டை மாலை என்று கொள்ளும் உரையாளரின் பக்கம் என் மனம் சாய்வது இங்கேதான். நெய்தல் தலைவி கரையில் சும்மா நிற்பவளும் இல்லை. உணங்கும் மீனைப் பறவை கொத்தாமல் காக்கிறாள். அந்தக் காவலே காதலனைக் காணவும் வழியாகிறது. கருவாடு காயும் மணலைப் பார்த்தவருக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம்.

அடிகள் சொன்னபடி நிலமே பாட்டின் பின்புலம் என்றால், நிலத்துக்கு நேரும் கேடு நம் வாசிப்பையும் தொடும். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் இறால்வரத்து குறைகிறது. முறைவைத்து வலைபோடும் பாடு முறையும் நலிகிறது. நெய்தலின் கருப்பொருள்கள் ஒவ்வொன்றாக அகராதிக்குள் ஒதுங்குகின்றன.

திணை நடத்தும் ஆசிரியர்கள் மாணவரை ஒருமுறையேனும் இந்தக் குப்பத்துக்கு அழைத்துவர வேண்டும். பாட்டை இங்கே உரக்கப் படிக்கட்டும். கழியும் காற்றும் புரியாத இடங்களில், வலை சீர்செய்துகொண்டிருக்கும் பெரியவர்களைக் கேட்கட்டும்.