முலைத்தாயும் பால்சுறாவும்

நிகண்டு நூலார் வகுத்த ஐவகைத் தாயருள் முலைத்தாயும் ஒருத்தி. அகத்திணை மரபில் நற்றாய் புலம்புகிறாள். செவிலி தேடிச் செல்கிறாள். தன் பாலை ஊட்டி வளர்த்த முலைத்தாய்க்கோ தனிக் கூற்று எதுவும் இல்லை. வரலாற்று நோக்கில் இம்மௌனம் பொருளுடையது. பாலூட்டும் பொறுப்பைப் பிறளிடம் விட்ட செல்வக்குடித் தாய் விரைவில் மீண்டும் கருவுறும் நிலையை எய்துவாள். பால் கொடுத்தவளுக்கோ அந்நிலை தள்ளிப்போகும். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பெருங்குடிப் பெண்டிர் பலர் அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றமைக்கு, கூலிக்குப் பாலூட்டுவோரை அமர்த்திய வழக்கமும் ஒரு காரணமாகும்.

குழந்தை சப்பும்தோறும் தாயின் மூளைக்கு நரம்புவழிச் செய்தி செல்கிறது. சூல்பையைத் தூண்டும் சுரப்புகள் அதனால் அடங்கி, கருமுட்டை முதிர்வது தடைப்படுகிறது. இரவிலும் பகலிலும் அடிக்கடி குடிப்பதே இதற்கு உயிர்நாடி. 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோ நகரில் கூடிய அறிஞர்கள் மூன்று நிபந்தனைகளை வகுத்தனர்: தாய்ப்பாலே உணவாதல், மாதவிலக்குத் திரும்பாமை, மகவுக்கு ஆறு மாதம் நிரம்பாமை. மூன்றும் பொருந்தினால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காப்பு உண்டு என்பது அவர்தம் முடிவு. இவற்றுள் ஒன்று தவறினாலும் அக்காப்பை நம்புவதற்கில்லை. கருவுற்றவளை 'முழுகாமல் இருக்கிறாள்' என்பது தமிழ் வழக்கு. பால் கொடுப்பவளும் முழுகாமலே இருப்பாள் ஆதலின், அவளிடத்தில் இவ்வழக்கு ஏமாற்றிவிடும்; அடுத்த கரு அறியாமலே தங்கிவிடுவதும் உண்டு.

முத்துக்குளித்துறையில் இச்செய்திக்குத் தனி நிறம் உண்டு. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்கிய கத்தோலிக்கக் கரை இது. 1968இல் ஆறாம் பவுல் திருத்தந்தை விடுத்த சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை விலக்கி, இயற்கையான கருவுறா நாள்களைப் பயன்கொள்வதை மட்டும் ஏற்றது. எனவே பக்தியுள்ள தாய்க்குப் பாலூட்டலே மனக்கூச்சமற்ற இடைவெளியாயிற்று. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவைப் புட்டாக்கிக் கொடுப்பது கரையோர வழக்கம். அம்மீனுக்கு அப்பெயர் வந்ததே பால் பெருகும் என்னும் நம்பிக்கையால்தான். பாலின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது மீனன்று, குழந்தையின் வாயே. எனினும் பெற்றவளைத் தேடிப் புட்டு வந்தது என்பதில் ஊரார் பரிவு தெரிகிறது. மறுபுறம், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை வைக்கும் தென்மாவட்டப் பழக்கமோ முதல் நாள்களின் நன்மையை வீணாக்கியது.

கரையை விட்டு உப்பளத்துக்கு வந்தால் நிலை வேறு. விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்படும் தாய்க்கு நண்பகலுக்குள் பால் கட்டிக்கொள்ளும். குழந்தைக்கு வீட்டில் புட்டிப்பாலோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுப்பர். சப்புதல் குறைந்தபின் மாதவிலக்கு முன்னதாகவே திரும்புகிறது. நோஞ்சான் பிள்ளை கையிலிருக்கும்போதே மற்றொன்று வயிற்றில் வளர்கிறது. புட்டிப்பால் விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டமோ, மகவுக்குப் பதினைந்து மாதம் நிரம்பும்வரை நாளொன்றுக்கு இருமுறை பாலூட்ட ஓய்வளிக்கச் சொன்னது. பாத்தியில் நிற்பவளுக்கும் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் இடையில் உள்ள தொலைவைப் பற்றி அச்சட்டத்தின் மூல வடிவில் ஒரு சொல்லும் இல்லை.